உன்ர கடையின் முதல் வியாபாரம்

மோனை,

நீ சுகமாய்ப் போய் இறங்கிவிட்டாய் எண்டு மருமகள் அண்டைக்கே சொன்னாள். போனில கதைக்கலாமே, ஏன் அம்மா கடிதம் எழுதுறா எண்டு யோசிப்பாய். போனில நீ "ஓமம்மா, ஓமம்மா" எண்டு சொல்லிக்கொண்டே பக்கத்தில நிக்கிறவனோட வேற கதை கதைப்பாய். பேப்பரை இடையில வெட்ட ஏலாது. நான் அஞ்சாம் வகுப்போட நிண்டவள், என்ர எழுத்து மணலில நண்டு ஓடின மாதிரித்தான் இருக்கும். ஆறுதலாய் இருந்து வாசி. உன்னை மாதிரி ஊர் விட்டு ஊர் போய்க் கடை திறக்கிற வேற பிள்ளையள் ஆரும் வாசிச்சாலும் வாசிக்கட்டும். எனக்கு ஒளிக்க ஒண்டும் இல்லை.

ஹீத்ரோவில வைச்சு நீ என்ர கையைப் பிடிச்சுச் சொன்னது காதுக்குள்ளேயே நிக்குது. "அம்மா, அவுஸ்திரேலியாவில கடை திறக்கேக்க முதல் வியாபாரம் உங்கட கையாலதான். ரிக்கற் போட்டு அனுப்புவன், நீங்கள் வந்தே ஆக வேணும்." நான் உன்ர கொலரைச் சரியாக்கி விட்டன். சந்தோசத்திலதான். கொப்பர் கண்ணை மூடி நான் பொட்டழிச்ச பிறகு என்ர கையை ஆரும் கேட்கேல்லை எண்டு உனக்குத் தெரியும். தெரிஞ்சுதான் கேட்டாய். அதை நான் சாகும்வரைக்கும் மறக்க மாட்டன். மறக்க மாட்டன் எண்டதாலதான் இந்தக் கடிதம் எழுதுறதுக்கு எனக்கு இவ்வளவு பாரமாய் இருக்கு.

லண்டனில இந்த மிச்சம் எண்ட ஊரில எங்கட சனம் கடை திறக்கத் தொடங்கின காலத்தை நீ பாத்திருக்கிறாய், ஆனால் நீ சின்னன். முதன்முதலாய்த் திறந்தது கமலாதான். பனி கொட்டுற ஒரு காலமை, அவளின்ர மனிசன் கடைக்குள்ள கற்பூரத்தைக் கொளுத்த, கூரையில இருந்த நெருப்பு மணி அடிக்கத் தொடங்கி, மேல் வீட்டு வெள்ளைக்காரன் உள்ளுடுப்போட கீழ ஓடி வந்தான். அவனுக்கும் ஒரு மோதகம் குடுத்து அனுப்பினவை. அந்த அமளிக்குள்ள நான்தான் ஒரு பை சீனியும் மஞ்சளும் எடுத்து, கமலாவின்ர கையில காசை வைச்சனான். கடை நல்லாய் வந்திட்டுது. "மாமியின்ர கை ராசியான கை" எண்டு அவளே ஊரெல்லாம் சொன்னாள். பிறகு முடி வெட்டுற கடையெண்டாலும், நகைக் கடையெண்டாலும், திறக்கிற அண்டு முதல் ஆளாய் என்னைத்தான் நிப்பாட்டுவினம். முடி வெட்டுற கடையில நான் என்ன செய்யிறது? ஒரு சீப்பு வாங்கினனான்.

கொப்பர் செத்த பிறகு கமலா பக்கத்துக் கடையையும் எடுத்துப் பெருப்பிச்சாள். திறப்புக்கு எனக்கும் சொல்லித்தான் விட்டவள். நானும் கைப்பைக்குள்ள புதுக் காசுத் தாள் வைச்சுக்கொண்டு போனனான். என்னைப் பிடிச்சுக் கடைசி வரிசைக் கதிரையில, குளிர்ப்பெட்டிக்குப் பக்கத்தில இருத்தினாள். ஆரோ ஒரு கணக்காளரின்ர பெண்சாதி, தலை நிறையப் பூவோட வந்து முதல் வியாபாரம் செய்தாள். நான் குளிர்ப்பெட்டி இரையிறதைக் கேட்டுக்கொண்டு இருந்தனான். கை அதே கைதான், மோனை. கொப்பர் போகேக்க என்ர கையை வெட்டிக்கொண்டு போகேல்லை. அண்டையில இருந்து கமலாவோட எனக்குக் கதை இல்லை. அவள் அண்டைக்குக் கட்டியிருந்த சேலையின்ர கரை என்ன நிறம் எண்டு இப்பவும் சொல்லுவன்.

ஆனால் சாமான் அவளிட்டைத்தான். உன்னைத்தான் அனுப்புவன். ஒருநாள் மழைக்குள்ள போய் வந்த எரிச்சலில கேட்டாய்: "அம்மா, உங்களுக்கு அவவில அவ்வளவு கோவமெண்டால் பெரிய கடையில வாங்கலாம்தானே? அங்க கார் விடவும் இடமிருக்கு." நான் சொன்னது உனக்கு ஞாபகம் இருக்கோ தெரியாது. கோவம் அவளோட, கடையோட இல்லை. நாங்கள் வந்த புதுசில, பாஷை தெரியாத பெடியளுக்கு முதல் வேலை குடுத்தது அந்தக் கடை. கவுன்சிலில இருந்து வாற காயிதத்தை வாசிச்சு, எங்க கையெழுத்து வைக்க வேணும் எண்டு காட்டினது அந்தக் கல்லாப்பெட்டியடியிலதான். அந்தக் கடை மூடினால் எனக்குக் கோவிக்கவும் ஒரு ஆள் இல்லாமல் போகும்.

உன்ர மனிசி நல்ல பிள்ளை, குறை சொல்லேல்லை. ஆனால் அவள் பெரிய கடையில வாங்கிக்கொண்டு வாற யாழ்ப்பாணத் தூள் பக்கற்றைப் பாத்திருப்பாய். அதில ஒரு பெட்டை பொட்டு வைச்சு, உலக்கையைப் பிடிச்சுக்கொண்டு சிரிக்கிறாள். எந்த ஊர்ப் பெட்டை மிளகாய் இடிக்கேக்க சிரிச்சவள்? தும்மி, கண் எரிஞ்சு, மூக்கால வடியும். அந்தத் தூளை ஆர் அரைச்சது, எங்க அரைச்சது எண்டு அதில இல்லை. எங்கட பேரை மட்டும் எடுத்துக்கொண்டு எங்களை விட்டிட்டினம். அதைப் பாத்து நீயும் சிரிச்சாய். "இவங்களுக்கு வெட்கமில்லை அம்மா" எண்டு நீதான் சொன்னாய். நான் சொல்லேல்லை. நீதான் சொன்னாய்.

இனி விசயத்துக்கு வாறன்.

நீ போக முதல் என்ர கட்டிலில ஒரு பெட்டியை வைச்சிட்டுப் போனாய். "கடைக்கு எடுக்கப்போற சாமானின்ர மாதிரி, அம்மா. முதல் வியாபாரத்துக்கு நீங்கள் எதை வாங்கப் போறியள் எண்டு பிரிச்சுப் பாருங்கோ. பாத்துப் போட்டுச் சொன்னால் மொத்தமாய் ஓடர் போடுவன்" எண்டாய். எல்லாரும் வேலைக்கும் பள்ளிக்கூடத்துக்கும் போன பிறகு, பெட்டியைக் குசினி மேசையில வைச்சுப் பிரிச்சன். எறிஞ்சால் திரும்பி வாற வளைஞ்ச தடி, துவாய், கோப்பை, எல்லாத்திலையும் புள்ளி புள்ளியாய்க் கோலம். அதுக்குள்ள ஒரு சாப்பாட்டுப் பீங்கான். காவி நிறத்தில, நடுவில தண்ணி சுழிக்கிற மாதிரிப் புள்ளியள். அதின்ர காவி எங்கட செம்மண் நிறம். எனக்கு அதை வைக்க மனமில்லை. இதைத்தான் வாங்கிறது எண்டு முடிவெடுத்தன்.

முடிவெடுத்தவள் சும்மா இருந்திருக்கலாம். எனக்குக் கமலாவுக்குக் காட்ட வேணும். என்ர மகன் என்னைக் கேட்டிருக்கிறான், கடல் தாண்டிக் கூப்பிட்டிருக்கிறான் எண்டு அவளின்ர முகத்துக்கு நேர சொல்ல வேணும். பீங்கானை ஒரு சால்வைக்குள்ள சுத்திக்கொண்டு, அவ்வளவு காலத்துக்குப் பிறகு அந்தக் கடைப்படி ஏறினன். அவள் பாவற்காய் நிறுத்துக்கொண்டு நிண்டவள், தராசை அப்படியே விட்டிட்டாள்.

"என்ன மாமி, வழி தவறி வந்திட்டியளோ?"

"உன்ர கடைக்கு வழி காட்டினதே நான்தான். என்ர மகன் அவுஸ்திரேலியாவில கடை திறக்கிறான். முதல் வியாபாரம் என்ர கையாலயாம். நான் வாங்கப் போற சாமான் இது. பார்."

அவள் கையைத் துடைச்சுப் போட்டுப் பீங்கானை வாங்கி, முகப்பைப் பாக்காமல் முதுகைத் திருப்பிப் பாத்தாள். கடைக்காரி அப்படித்தான் பாப்பாள். கண்ணாடியை மூக்கு நுனிக்கு இறக்கி வாசிச்சாள். பிறகு என்னைப் பாத்தாள்.

"மாமி, இது அந்த நாட்டுச் சாமான் இல்லை. வேற எங்கேயோ தொழிற்சாலையில அடிச்சது. வெள்ளைக்காரர் வர முதலே அங்க இருந்த சனத்தின்ர கோலத்தைப் பாத்து வரைஞ்சதாம். ஆர் வரைஞ்சது எண்டு பேர் இல்லை. கீழ என்ன போட்டிருக்கு தெரியுமோ? உள்ளூர்ப் பண்பாட்டை ஆதரியுங்கோ எண்டு போட்டிருக்கு."

"அதுக்கென்ன? எல்லாச் சாமானும் எங்கேயோதான் அடிக்கினம்."

"எல்லாச் சாமானும் இல்லை மாமி. என்ர அக்கா அங்கதான் இருக்கிறா. அவவின்ர பக்கத்து வீட்டு மனிசி அந்தப் பழைய சனத்தில ஒருத்தி. அவையளுக்கு ஒவ்வொரு குடும்பத்துக்கும் ஒவ்வொரு கதையாம், அந்தக் கதைக்கு ஒரு கோலமாம். உரிமை இல்லாதவை அதைக் கீறக் கூடாதாம். இப்ப இப்படிக் கடையள் வந்த பிறகு, அவையள் வந்து கண்ணாடிக்கு வெளியில நிண்டு பாத்திட்டுப் போவினமாம். உள்ள வர மாட்டினமாம்."

நான் பீங்கானைப் பிடுங்கிச் சால்வைக்குள்ள சுத்தினன். "என்ர மகனுக்கு இதெல்லாம் தெரியாது" எண்டன்.

"உங்கட மகன் செய்தால் தெரியாமல் செய்தது. முள்ளுக்கம்பிக்காரர் செய்தால் களவோ, மாமி?"

மோனை, நான் சால்வையை இன்னும் ஒருக்கால் சுத்தினன். அவளுக்கு அந்தக் கதையைச் சொன்னது நான்தான். கோவம் வர முதல், நல்லாய் இருந்த காலத்தில சொன்னது. அந்தப் பாழாய்ப் போனவள் அதை இவ்வளவு காலமும் பத்திரமாய் வைச்சிருந்து எனக்கே எடுத்து எறிஞ்சாள். அவளில எனக்குக் கோவம் கூடிப் போச்சு. ஆனால் அவள் சொன்னது பொய்யில்லை.

அந்தக் கதை உனக்கு அரையும் குறையுமாய்த்தான் தெரியும். கொப்பர் உங்களுக்கு முன்னால அதைக் கதைக்கிறதில்லை. எங்கட வெங்காயத் தோட்டமும் வீடும், சண்டை நேரம் சீருடையோட வந்தவை அடிச்ச முள்ளுக்கம்பிக்கு உள்ள போனது. உள்ள இருந்தவையின்ர பேரை நான் என்ர வாயால சொல்லுறதில்லை, எழுதப் போறதுமில்லை. எனக்கு அவையள் முள்ளுக்கம்பிக்காரர். சண்டை ஓய்ஞ்சு றோட்டுத் திறந்த பிறகு, நானும் கொப்பரும் லண்டனில இருந்து போய்ப் பாத்தனாங்கள். நீ பரீட்சை எண்டு வரேல்லை. கம்பிக்கு இஞ்சால நிண்டு பாத்தால் எங்கட கிணத்துக் கட்டின்ர தலை மட்டும் தெரியுது. கம்பிக்கு வெளியில, றோட்டோரத்தில, தகரம் போட்ட ஒரு கடை. உள்ள விளையிறதைக் கொண்டு வந்து விக்கினம். பளிச்செண்டு ஒரு பலகை. தமிழில எழுதியிருக்கு. "உள்ளூர் விளைச்சல். உள்ளூர் உழைப்பை ஆதரியுங்கள்."

நான் வாடகைக்குப் பிடிச்ச வானை எடுக்கச் சொன்னன். கொப்பர் இறங்கிப் போட்டார். போய் வெங்காயத்துக்கு முன்னால நிண்டார். கையை முதுகுக்குப் பின்னால கட்டிக்கொண்டு நிண்டார். அப்பிடி அவர் வாத்தியாருக்கு முன்னால நிண்டிருப்பார், வேற ஆருக்கு முன்னாலையும் நிண்டதை நான் பாக்கேல்லை. விக்கிறவன் ஒரு பெடியன், மீசைகூட ஒழுங்காய் முளைக்கேல்லை, பழுதில்லாத பெடியன். "ஐயா, எவ்வளவு போட?" எண்டு கொச்சைத் தமிழில கேட்டான். கொப்பர், "இது எங்கத்தை வெங்காயம் தம்பி?" எண்டு கேட்டார். "இஞ்சத்தைதான் ஐயா. உள்ள விளையிறது. நல்ல மண்" எண்டான். "ஓம், நல்ல மண்தான்" எண்டார் கொப்பர். "நல்லாய் வந்திருக்கு." அப்பிடிச் சொன்னார், மோனை. அவன்ர வேளாண்மையைப் பாத்துப் புகழுற மாதிரிச் சொன்னார். சொல்லிப்போட்டுக் காசைக் குடுத்து ஒரு பிடி வெங்காயம் வாங்கினார்.

வானுக்குள்ள நான் விழுந்து விழுந்து பேசினன். "உங்கட மண்ணில விளைஞ்சதை உங்களுக்கே விக்கிறான், நீங்கள் காசும் குடுத்துப் பாராட்டும் குடுத்திட்டு வாறியள். வெட்கமில்லையோ மனிசா?" அவர் வெங்காயத்தை முகம் துடைக்கிற லேஞ்சியில வைச்சு, அதில ஒட்டியிருந்த செம்மண்ணைப் பெருவிரலால தடவிக்கொண்டு இருந்தார். பிறகு சொன்னார். "வாங்காட்டித் தொட விடாங்களடி."

அதுக்குப் பிறகு அவர் ஊருக்குப் போவம் எண்டு கேட்கேல்லை. அந்த வெங்காயத்தைச் சமைக்க விடேல்லை. லேஞ்சியோட லண்டனுக்குக் கொண்டு வந்து அலுமாரியில சேட்டு வைக்கிற லாச்சிக்குள்ள வைச்சார். அங்கேயே முளைச்சு, அங்கேயே காய்ஞ்சு சருகாய்ப் போச்சு. அந்த லேஞ்சி இப்பவும் என்னட்டை இருக்கு. நான் தோய்க்கேல்லை. லாச்சியைத் திறந்தால் மண் மணக்குது. மருமகள் ஒருநாள் "மாமி, ஏதோ பூஞ்சணம் பிடிச்சிருக்கு" எண்டு எடுத்தெறியப் பாத்தாள். பாவம், நான் கத்தின கத்தலில பயந்து போனாள்.

உனக்கு ஒண்டு சொல்லுறன், பைத்தியம் எண்டு நினைக்காதே. கமலாவின்ர கடைக்கு நான் போகாமல் விட்டதுக்குக் கோவம் மட்டும் காரணமில்லை. அங்க வாசலோட வெங்காயக் கூடை இருக்கு. றோட்டால போகேக்க பாத்தால், செத்த கொப்பர் அதடியில நிப்பார். கையைப் பின்னுக்குக் கட்டிக்கொண்டு நிப்பார். சனம் அவரைத் தாண்டித் தாண்டி வெங்காயம் அள்ளும். அவர் தொட மாட்டார். எனக்கு அதைப் பாக்க ஏலாது. அண்டைக்குப் பீங்கானோட போனபோதும் நிண்டவர். வரேக்க தலை குனிஞ்சுகொண்டு வந்திட்டன்.

வந்த உடன உனக்குப் போன் போட்டன். நீ அங்க கடைக்குப் பலகை அடிக்கிற சத்தத்துக்குள்ள நிண்டு கதைச்சாய். உனக்குத் தெரிஞ்சுதான் இருந்தது. அதுதான் எனக்கு நெஞ்சில ஏறினது. கமலாவிட்டை நான் உனக்காகச் சொன்ன பொய் அதோட உடைஞ்சு போச்சு.

"அம்மா, எல்லாக் கடையிலையும் இதுதான் இருக்கு. நான் விக்காட்டிப் பக்கத்துக் கடைக்காரன் விப்பான்."

"கம்பிக்காரரும் அப்பிடித்தான் சொல்லியிருப்பினம்."

"ஐயோ அம்மா, அதையும் இதையும் முடிச்சுப் போடாதேங்கோ. நாங்கள் ஆரின்ரையும் காணியைப் பிடிக்கேல்லை. நாங்களே அகதியாய் ஓடினனாங்கள். எங்களுக்கும் அந்தச் சனத்துக்கும் என்ன வழக்கு?"

"அகதியாய் ஓடினவனுக்குத்தான் கூடத் தெரிய வேணும்" எண்டு சொன்னன். நீ, "உண்மைச் சாமான் விலை கூட அம்மா, சுற்றுலாச் சனம் வாங்காது, கடை படுத்திடும். பிறகு எடுக்கிறன்" எண்டு வைச்சிட்டாய்.

நீ கேட்ட கேள்வியை நான் சும்மா விடேல்லை. நாலு நாள் சட்டியைக் கிளறிக்கொண்டு யோசிச்சன். ஓம், நீ ஆரின்ர காணியையும் பிடிக்கேல்லை. அந்த மீசை முளைக்காத பெடியனும் பிடிக்கேல்லை. அவனும் எங்கேயோ இருந்து பிழைப்புக்கு வந்தவன், அவனுக்கும் ஊரில ஒரு தாய் இருந்திருப்பாள். அவன் கொப்பருக்கு ஒரு கெடுதியும் செய்யேல்லை, ஐயா எண்டுதான் கதைச்சவன். ஆனாலும் என்ர மனிசனின்ர கை அண்டைக்குப் பின்னால போனது போனதுதான். கெட்டவன்தான் அப்பிடிச் செய்ய வேணுமெண்டில்லை. கடைக்கு அங்கால நிக்கிறது ஆர் எண்டு கேளாத ஒரு நல்ல பெடியன் போதும்.

இந்த லண்டனில நாங்கள் எத்தினை வருசம் இருந்திட்டம். சனம் எங்களைப் போ எண்டு சொல்லியிருக்கு, பஸ்ஸில துப்பியிருக்கு. ஆனால் "உன்ர கடை நிக்கிறது என்ர பூட்டியின்ர மண்ணில" எண்டு ஒருத்தரும் எங்கட வாசலில வந்து நிக்கேல்லை. அதனால எங்களுக்கு அந்தக் கேள்வி பழக்கமில்லை. நீ போயிருக்கிற இடத்தில அந்தக் கேள்வி வாசலிலேயே நிக்குது. அது வாய் திறக்காட்டிலும் நிக்கும்.

கமலா அப்பிடிச் சொன்ன நாளில இருந்து, மத்தியானத்தில குசினிக்குள்ள என்னோட இன்னொரு ஆளும் இருக்கிறா. ஒரு கிழவி. என்ர வயதுதான் இருக்கும். முகம் எனக்குத் தெரியாது, அந்தச் சனத்தில ஒருத்தரையும் நான் நேரில கண்டதில்லை. முகத்தை நானாய் வரைஞ்சு வைக்கிறதும் பிழை எண்டு படுது. கைமட்டும் தெரியுது. சுருங்கின கை. மேசையில இருக்கிற பீங்கானுக்குக் கிட்ட வருது, நிக்குது. பின்னால போகுது. நான் தேத்தண்ணி ஊத்துறன், அந்தக் கை அங்கேயே இருக்கு. சட்டி கழுவுறன், இருக்கு. உன்ர கடைக் கண்ணாடிக்கு வெளியில நிக்க முதல் அவ என்னட்டை வந்திட்டா, மோனை. நான்தானே முதல் வியாபாரம் செய்யப் போறவள், அதனால என்னட்டை வந்திருக்கிறா.

அதனால சொல்லுறன், கேள். ஓடரை நிப்பாட்டு. அந்த நாட்டுச் சனம் தாங்களே நடத்துற தொழில் இருக்கும். இருக்கெண்டு கமலாவின்ர அக்காவும் சொன்னவவாம். ஓம், நான் திரும்பவும் போய்க் கமலாவைக் கேட்டனான், உனக்காக அந்த வெட்கத்தையும் விழுங்கினன். வரையிறவை, நெய்யிறவை, அவையளின்ர காட்டுக் காயில தேத்தண்ணியும் தூளும் செய்யிறவை, சவர்க்காரம் காய்ச்சிறவை எல்லாரும் இருக்கினமாம். போனில கேளாதே. நேர போ. வாசலில நிண்டு, நான் இன்னார், இன்ன ஊரில இருந்து துரத்தப்பட்டு வந்தவன், உங்கட ஊரில கடை போடுறன், உங்கட சாமானை வைச்சு விக்க எனக்குத் தருவியளோ எண்டு கேள். இது விக்கிற கோலம் இல்லை எண்டு அவை சொன்னால் அதோட விடு, ஏன் எண்டு நோண்டாதே. எங்கட கோயில் மூலஸ்தானத்துக்குள்ள ஆரும் படம் எடுக்க வந்தால் விடுவமோ? விலையைப் பேரம் பேசாதே. செய்தவையின்ர பேரை, அவை விரும்பினால், பெரிசாய் எழுதி வை. கடை முழுக்க நிரம்பாட்டி ஒரு தட்டு நிரம்பட்டும். மற்றத் தட்டில குடையும் செருப்பும் வைச்சு வில். குடைக்கு ஒருத்தரும் அழப் போறதில்லை.

இன்னொண்டு. பாவம் பாத்து வாங்காதே. அது களவைவிடக் கேடு. உன்ர பள்ளிக்கூடத்தில சந்தை வைச்ச அண்டு நான் விடிய எழும்பிக் கறி அடைச்ச பற்றிஸ் பொரிச்சுக் கொண்டு வந்தனான், நினைவிருக்கோ? பச்சைக் கோட்டுப் போட்ட ஒரு மனிசி வந்து, தலையைச் சரிச்சு, "பாவம், எவ்வளவு தூரத்தில இருந்து வந்திருக்கிறியள்" எண்டு என்ர தோளைத் தடவிப்போட்டு வாங்கினவ. கதவுக்கு வெளியில போய்க் கடிக்காமலே குப்பைத் தொட்டிக்குள்ள போட்டதை நானும் கண்டன், நீயும் கண்டாய். நீ "அம்மா, அந்த ஆன்ரி கையில இருந்து தவறி விழுந்திட்டுது" எண்டு சொன்னாய். அந்த வயதில என்னைத் தேற்றப் பாத்தாய். அந்தக் கோட்டின்ர பொத்தானைக்கூட நான் மறக்கேல்லை, அவ செத்திருந்தாலும் மன்னிக்கேல்லை. அவையளின்ர சாமானை வாங்கேக்க நல்ல சாமான் எண்டு வாங்கு. நல்லாயில்லாட்டி நல்லாயில்லை எண்டு சொல்லு. என்ர பற்றிஸ் உறைப்புக் காணாது எண்டு அவ முகத்துக்கு நேர சொல்லியிருந்தால் அவவோட சண்டை பிடிச்சிருப்பன், அடுத்த முறை நல்லாய்ப் பொரிச்சும் குடுத்திருப்பன்.

கடை படுத்திடும் எண்டு பயப்பிடுறாய். படுக்கலாம். நான் பொய் சொல்ல மாட்டன், என்ர கையில அப்பிடி ஒரு மந்திரமும் இல்லை. கமலாவின்ர கடை எழும்பினது என்ர கையால எண்டு அவள் சொன்னாள், ஆனால் அவள் விடிய எழும்பிச் சந்தைக்குப் போன கால்தான் அதை எழுப்பினது. எண்டாலும் நான் என்ர கையை நம்புறன். நம்புறதாலதான் அந்தப் பீங்கானில அதை வைக்க மாட்டன். எனக்கு வர ஆசை, மோனை. எவ்வளவு ஆசை எண்டு சொன்னால் நீ சிரிப்பாய். கைப்பைக்குள்ள அந்தப் புதுத் தாள் இப்பவும் மடியாமல் இருக்கு. கமலா கடைசிக் கதிரையில இருத்தின அண்டு வைச்சது, வேற எதுக்கும் எடுக்கேல்லை. உன்ர கடையில அதைக் குடுக்க வேணும் எண்டு கும்பிட்டுக்கொண்டிருக்கிறன். ஆனால் நீ அந்த ஓடரைப் போட்டியெண்டால், ரிக்கற்றை அனுப்பாதே. தலை நிறையப் பூ வைச்ச ஆரையும் கூப்பிட்டுத் திற. நான் அதுக்கும் கோவிப்பன், அதையும் மறக்க மாட்டன், உனக்குச் சோறு போடுறதையும் நிப்பாட்ட மாட்டன். அவ்வளவுதான்.

பெட்டியைக் கட்டி வைச்சிருக்கிறன். பீங்கானை மட்டும் உள்ள வைக்கேல்லை, மேசையிலதான் இருக்கு. பெட்டிக்குள்ள பூட்டினால் அந்தக் கை எங்க போகும் எண்டு தெரியேல்லை.

நான் வந்தாலும் வராட்டிலும் இதை மட்டும் செய். ஒருநாள் ஒரு கிழவி வந்து உன்ர கண்ணாடிக்கு வெளியில நிப்பா. கையைப் பின்னால கட்டிக்கொண்டு நிண்டால் இன்னும் கவனமாய்ப் பார். என்ன வேணும் எண்டு கேளாதே, விலை சொல்லாதே. எழும்பிப் போய்க் கதவைத் திறந்து, உள்ள வாங்கோ அம்மா எண்டு கூப்பிடு. தட்டில இருக்கிறதை எடுத்து அவவின்ர கையில குடு.

வாங்காமலே தொடட்டும்.

இப்படிக்கு,
கொம்மா